வான்வழி வகுத்த ஜே. ஆர். டி. டாட்டா

டாட்டா என்ற பெயரைக் கேட்டதும் தருமபுரி மாவட்டத்தில் வாழும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது லாரிதான். அதிலும் என்னைப் போலத் தொப்பூரில் பிறந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். வடக்கே காசுமீரத்திலிருந்து தெற்கே கன்னியாகுமரி வரை செல்லும் நெடுஞ்சாலை எங்கள் ஊர்க் கணவாய் வழியாகத்தான் சேலத்தை நோக்கி இறங்குகிறது. இரவென்றும் பகலென்றும் பாராமல் சரக்கு லாரிகள் அதில் முனகிக்கொண்டே ஏறுகின்றன; மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்குகின்றன. நான் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் சொற்களில் ஒன்று, லாரியின் நெற்றியில் எழுதியிருந்த டாட்டா என்ற பெயர்.

அந்த லாரிகள் பிறந்த காலத்தில் டாட்டா நிறுவனங்களின் தலைவராக இருந்தவர் ஜே. ஆர். டி. டாட்டா. 1945-இல் ரயில் எஞ்சின் செய்யத் தொடங்கப்பட்ட டெல்கோ, 1954-இல் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து லாரி உற்பத்தியில் இறங்கியது. ஆனால் அப்பெருமகனின் உள்ளம் தரையில் ஓடும் ஊர்தியைவிட வானில் பறக்கும் ஊர்தியிலேயே பெரிதும் ஈடுபட்டிருந்தது. ஒற்றை எஞ்சின் பூட்டிய சிறு விமானத்தைத் தாமே ஓட்டித் தபால் சுமந்தவர் அவர். பெரிய பெரிய ஜெட் எஞ்சின்கள் பூட்டிய விமானங்களைப் பாரத நாட்டுக்குக் கொண்டுவந்தவரும் அவரே. அவர் கடந்து வந்த எஞ்சின்களின் வழியாகவே அவர் வாழ்க்கையை இங்கே சொல்ல முனைகிறேன்.

இளமையும் வேட்கையும்

ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா 1904-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 29-ஆம் நாள் பாரிஸ் மாநகரில் பிறந்தார். தந்தை பார்சி இனத்தவர். தாய் பிரெஞ்சுப் பெண்மணி. பிரான்சின் வடகரையில் ஹார்டிலோ என்னும் கடற்கரை ஊரில் அக்குடும்பத்துக்கு ஒரு கோடை வீடு இருந்தது. விமானத்தில் ஆங்கிலக் கால்வாயை முதன்முதலில் கடந்த லூயி பிளேரியோவின் வீடும் அங்கேதான் இருந்தது. அந்த மணல்வெளியில் விமானங்கள் இறங்குவதையும் ஏறுவதையும் கண்டு வளர்ந்த சிறுவன், ஒருநாள் தானும் அதில் ஏறிச் சிறிது நேரம் பறந்தான். அன்று பற்றிய ஆசை ஆயுள் முழுவதும் அணையவில்லை.

கேம்பிரிட்ஜ் சென்று பொறியியல் படிக்க வேண்டும் என்பது அவருடைய கனவு. தந்தையோ 1925-இல் அவரைத் தொழிலுக்கு அழைத்துக்கொண்டார். மறு ஆண்டே தந்தை காலமாக, குடும்பப் பொறுப்பு இளைஞரின் தோளில் விழுந்தது. பல்கலைக்கழகப் பட்டம் பெறாத குறையை அவர் இறுதிவரை உணர்ந்தார். அந்தக் குறையே அவரை எதையும் அடிவேர்வரை கற்கச் செய்தது எனலாம்.

1929-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் அவருக்கு விமானம் ஓட்டும் உரிமம் கிடைத்தது. இந்திய மண்ணில் வழங்கப்பட்ட உரிமங்களுள் அதுவே முதலாவது. அதன்மேல் எண் 1 என்று பொறித்திருந்தது.

பின்னர் ஆகாகான் ஒரு பரிசை அறிவித்தார். இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தன்னந்தனியாய்ப் பறந்து முடிக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு. ஜே. ஆர். டி. கராச்சியிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டார். ஆஸ்பி எஞ்சினியர் என்னும் இளைஞர் இங்கிலாந்திலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டார். இருவரும் எகிப்து நாட்டில் அபூகீர் என்னும் இடத்தில் சந்தித்தார்கள். மாற்று ஸ்பார்க் பிளக் இல்லாமல் ஆஸ்பி அங்கே தவித்துக்கொண்டிருந்தார். தம்மிடம் உபரியாக இருந்ததை ஜே. ஆர். டி. எடுத்துக் கொடுத்தார். சில மணி நேர வித்தியாசத்தில் ஆஸ்பி வென்றார், கொடுத்தவர் தோற்றார். ஆஸ்பி பிற்காலத்தில் இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியாக உயர்ந்தார்.

விரலளவேயான ஒரு பிளக்கில் ஒருவருடைய வெற்றியும் தோல்வியும் அடங்கியிருந்தது! எஞ்சின் என்பது எத்தனை சிறு பொருள்களின் நாணயத்தை நம்பி ஓடுகிறது என்பதை அந்தப் பயணம் அவருக்குக் காட்டியிருக்க வேண்டும்.

தபால் சுமந்த சிறு விமானம்

நெவில் வின்சென்ட் என்னும் விமானி கொண்டுவந்த திட்டத்தை ஜே. ஆர். டி. ஏற்றார். இரண்டு லட்சம் ரூபாய் முதலில் டாட்டா விமானத் தபால் பணி பிறந்தது. 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் காலை, 120 குதிரைத் திறன் கொண்ட ஒற்றை எஞ்சின் பூட்டிய புஸ் மாத் விமானத்தில் ஜே. ஆர். டி. கராச்சியிலிருந்து கிளம்பினார். உடன் வந்தது தபால் மூட்டை மட்டுமே. வானொலித் தொடர்பு கிடையாது. வழிகாட்டும் கருவிகள் கிடையாது. அகமதாபாத்தில் இறங்கியபோது பெட்ரோல் தகரங்கள் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தன. அங்கிருந்து பறந்து பம்பாயின் ஜுஹு திடலில் இறங்கினார். பம்பாயிலிருந்து வின்சென்ட் அந்தத் தபாலை ஏற்றிக்கொண்டு பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். டாட்டா விமானப் பணியின் முதல் பாதையே தமிழகத்தில் வந்து முடிந்தது என்பது நாம் பெருமைப்படத்தக்கது.

ஜுஹு திடல் கடலோரச் சேற்று நிலம். மழைக்காலத்தில் நீரில் மூழ்கிவிடும். அப்போதெல்லாம் விமானங்களைப் புனேவுக்கு மாற்றிக்கொண்டு பணி நடந்தது. முதல் முழு ஆண்டில் 1,60,000 மைல் பறந்து 155 பயணிகளை ஏற்றிச் சென்றார்கள். குறித்த நேரம் தவறாமையே அவர்களுடைய புகழாக இருந்தது.

1938-இல் அவர் டாட்டா குழுமத்தின் தலைவரானார். 1946-இல் விமான நிறுவனம் ஏர்-இந்தியா என்ற பெயர் பெற்றது. 1948-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள் மலபார் பிரின்சஸ் என்ற கான்ஸ்டலேஷன் விமானம் கெய்ரோ, ஜெனிவா வழியாக லண்டனுக்குப் பறந்தது. விடுதலை பெற்று ஓராண்டு நிறையாத நாடு கடல் கடந்து வானில் பறந்தது! பயணிகளுள் ஒருவராக ஜே. ஆர். டி.யும் சென்றார்.

அந்த விமானத்தில் நான்கு பிஸ்டன் எஞ்சின்கள். ஒவ்வொன்றிலும் 18 சிலிண்டர்கள். சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக்குகள். ஆக ஒரு விமானத்துக்கு 144 பிளக்குகள்! அபூகீரில் ஒரு பிளக்குக்குப் பட்ட பாடு இங்கே 144 மடங்காகிவிட்டது. பிஸ்டன் எஞ்சின் தன் வளர்ச்சியின் எல்லையை நெருங்கிக்கொண்டிருந்தது. வேறொரு வழி தேவைப்பட்டது.

ஜெட் எஞ்சின் பிறந்த கதை

அந்த வழியை ஏற்கெனவே ஒருவர் கண்டிருந்தார். அவர் இங்கிலாந்து விமானப்படையில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்து, விமானியாக உயர்ந்த பிராங்க் விட்டில். 1930-இல், 22 வயதில், ஜெட் எஞ்சினுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அரசாங்கம் ஆர்வம் காட்டவில்லை. 1935-இல் காப்புரிமையைப் புதுப்பிக்க 5 பவுன் கட்ட வசதியில்லாமல் அதைக் கைவிட்டார். ஆயினும் முயற்சியைக் கைவிடவில்லை. 1937 ஏப்ரல் 12-ஆம் நாள் அவருடைய எஞ்சின் முதன்முதலாக ஓடியது. ஜெர்மனியில் ஹான்ஸ் வான் ஓகைன் என்பவரும் தனியே இதே முயற்சியில் இருந்தார். அவருடைய எஞ்சின் பூட்டிய விமானம் 1939 ஆகஸ்டு 27-இல் பறந்தது. விட்டிலின் எஞ்சின் பூட்டியது 1941 மே 15-இல் பறந்தது.

இந்த எஞ்சின் எப்படி வேலை செய்கிறது? எங்கள் தந்தையார் சாலையோரத்தில் லாரிப் பட்டறை வைத்திருப்பவர். லாரி எஞ்சினின் நான்கு வேலைகளை அவர் எனக்குச் சிறு வயதிலேயே சொல்லித் தந்தார். காற்றை இழுத்தல், அமுக்குதல், எரித்தல், வெளித்தள்ளுதல். லாரி எஞ்சினில் இந்நான்கும் ஒரே சிலிண்டருக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. பிஸ்டன் மேலே போய் நின்று திரும்பிக் கீழே வந்து நின்று மறுபடி திரும்ப வேண்டும்.

ஜெட் எஞ்சினிலும் அதே நான்கு வேலைகள்தாம். ஆனால் அவை ஒரே நேரத்தில், வரிசையாக வெவ்வேறு இடங்களில் ஓயாமல் நடக்கின்றன. முன்புறம் சுழலும் இறக்கைகள் காற்றை இழுத்து அமுக்குகின்றன. நடுவில் உள்ள அறையில் மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த எரிபொருள் அதில் கலந்து எரிகிறது. கொதிக்கும் வாயு பின்னால் பாயும்போது சுழலி என்னும் சக்கரத்தைச் சுற்றுகிறது. அச்சுழலியே முன்புற இறக்கைகளைச் சுற்றுகிறது. எஞ்சிய வாயு பின்னோக்கிப் பீறிட, விமானம் முன்னோக்கி உந்தப்படுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதியை இங்கே கண்ணால் காணலாம். தீபாவளி ராக்கெட் மேலே பாய்வதும் இவ்விதியால்தான்.

இதில் பிஸ்டன் இல்லை, முன்னும் பின்னுமாகத் திரும்பும் உறுப்பு இல்லை, சுழற்சி மட்டுமே. அதனால் அதிர்வு குறைவு. பொறி கிளப்பும் கருவி தொடக்கத்தில்தான் தேவை. ஒருமுறை பற்றிய சுடர், எரிபொருளும் காற்றும் வரும்வரை தானே நின்று எரியும். 144 பிளக்குகளின் தொல்லை தீர்ந்தது! நம் வீட்டு அடுப்பில் ஒருமுறை பற்றவைத்தால் போதும் அல்லவா, அதைப் போல.

கான்வே எஞ்சினும் ஏர்-இந்தியாவும்

1953-இல் அரசு விமான நிறுவனங்களை நாட்டுடைமை ஆக்கியது. ஜே. ஆர். டி.க்கு அதில் உடன்பாடு இல்லை. இருப்பினும் வெளிநாட்டுச் சேவையை நடத்தும் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்குமாறு அரசு கேட்டபோது அவர் மறுக்கவில்லை. தாம் வளர்த்த பிள்ளை வேறொருவர் வீட்டுக்குப் போனாலும் அதன் நலனைக் கைவிடாத தந்தையைப் போல, ஊதியம் பெறாமல் அப்பதவியில் 25 ஆண்டுகள் உழைத்தார்.

உலகின் முதல் ஜெட் பயணி விமானமான காமெட் 1952-இல் சேவைக்கு வந்தது. 1954-இல் அவ்விமானங்கள் நடுவானில் சிதறின. குற்றம் எஞ்சினில் இல்லை. உடற்கூட்டின் உலோகம் களைத்துப் போனதே காரணம் என்று ஆய்வு காட்டியது. உலகமே ஜெட்டைக் கண்டு தயங்கிய நேரம் அது. இந்தியாவோ ஏழை நாடு. அந்நியச் செலாவணிக்குத் திண்டாடிய நாடு. ஒரு தவறான தேர்வு நிறுவனத்தையே கவிழ்த்துவிடும். இந்நிலையில்தான் ஏர்-இந்தியா 1956-இல் போயிங் 707 விமானங்களைத் தேர்ந்தெடுத்தது.

அதிலும் ஒரு நுட்பம் உண்டு. விமானம் அமெரிக்காவினது, எஞ்சின் இங்கிலாந்தின் ரோல்ஸ்-ராய்ஸ் செய்த கான்வே. உலகில் பயணிகள் சேவைக்கு வந்த முதல் விசிறி ஜெட் இனம் இதுவே. உள்ளே வரும் காற்று முழுவதையும் எரி அறைக்குள் விடாமல், ஏறத்தாழக் கால் பங்கைச் சுற்றுவழியாகப் பின்னே தள்ளுவது இதன் சிறப்பு. சிறிது காற்றை மிக வேகமாகத் தள்ளுவதைக் காட்டிலும், நிறையக் காற்றை அளவான வேகத்தில் தள்ளினால் எரிபொருள் மிச்சமாகும், இரைச்சலும் குறையும். இந்த எஞ்சின் பூட்டிய 707 விமானங்கள் உலகில் மொத்தம் 37 மட்டுமே செய்யப்பட்டன. பல நிறுவனங்கள் வேறு எஞ்சினை நாடியபோது ஏர்-இந்தியா புதியதைத் துணிந்து ஏற்றது.

ஒவ்வொரு கான்வே எஞ்சினும் சுமார் 17,500 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 8 டன் உந்துவிசை தந்தது. 1960 பிப்ரவரியில் முதல் விமானம் பம்பாய் வந்து சேர்ந்தது. அவற்றுக்கு இமயச் சிகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். அதே ஆண்டு மே 14-ஆம் நாள் நியூயார்க் சேவை தொடங்கியது. 1962-இல் பிஸ்டன் விமானங்களை முற்றிலும் விலக்கிவிட்டு, ஜெட் விமானங்களை மட்டுமே இயக்கும் நிறுவனமாக ஏர்-இந்தியா உயர்ந்தது. உலகிலேயே அத்தகைய முதல் நிறுவனம் என்ற பெயரையும் பெற்றது. மாட்டு வண்டியில் வந்த பெட்ரோலை ஊற்றிக்கொண்டு பறந்த நாளுக்கும் இதற்கும் இடையே கழிந்தவை 30 ஆண்டுகளே!

1971-இல் எம்பரர் அசோகா என்ற போயிங் 747 வந்தது. அதன் பிராட் அண்டு விட்னி எஞ்சின்கள் ஒவ்வொன்றும் சுமார் 20 டன் உந்துவிசை தந்தன. எரி அறைக்குள் செல்லும் ஒரு பங்கு காற்றுக்கு ஐந்து பங்கு காற்று விசிறியால் சுற்றுவழியே தள்ளப்பட்டது. கான்வேயில் தொடங்கிய கருத்து இங்கே முழுமை பெற்றது.

கவனமே காவல்

எஞ்சினை விலைக்கு வாங்கிவிடலாம். அதைப் பேணும் பழக்கத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. இதை அவரைப் போல் உணர்ந்தவர் சிலரே. ஒவ்வொரு பயணத்திலும் கண்ட குறைகளை அவர் குறித்துவைத்து அதிகாரிகளுக்கு எழுதுவார். தேநீரின் நிறம், நாற்காலியின் சாய்வு, கழிப்பறையின் தூய்மை என்று எதையும் விட்டதில்லை. இவ்வளவு பெரிய மனிதர் இத்தனை சின்ன விஷயங்களைப் பார்ப்பதா என்று சிலர் சலித்துக்கொண்டிருக்கலாம். சின்ன விஷயத்தில் கண்ணை மூடுபவன் பெரிய விஷயத்திலும் மூடுவான் என்பதே நான் இதில் காணும் உண்மை.

துயரங்கள் அவரை விட்டுவைக்கவில்லை. 1950-இல் மலபார் பிரின்சஸ் ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங்க் சிகரத்தில் மோதி 48 பேர் மாண்டனர். 1966-இல் அதே சிகரத்தில் காஞ்சன்ஜங்கா என்ற 707 மோதி 117 பேர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் அணு விஞ்ஞானி ஹோமி பாபா, ஜே. ஆர். டி.யின் நெருங்கிய நண்பர். 1978 புத்தாண்டு நாளில் எம்பரர் அசோகா பம்பாய்க் கடலில் வீழ்ந்து 213 பேர் மாண்டனர். ஒவ்வொரு முறையும் விசாரணை நடந்தது; காரணம் தேடப்பட்டது. ஒருவர் கண்ட பிழை மற்றவர் கையில் எச்சரிக்கையாகப் போய்ச் சேருவதே விமானத் துறையின் அறம்.

நண்பர்களே! இங்கே நான் எங்கள் கணவாயை எண்ணிப் பார்க்கிறேன். 2024 ஜனவரி 24-ஆம் நாள் தொப்பூர்க் கணவாயில் லாரிகளும் கார்களும் மோதித் தீப்பற்றியதில் நால்வர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. அதற்கு முன்னும் பின்னும் நடந்தவை எத்தனை! இறக்கத்தில் லாரியைச் சிறிய கியரில்தான் இறக்க வேண்டும். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால் பாரம் முழுவதும் பிரேக்கின்மேல் விழும். பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். இது எந்த ஓட்டுநருக்கும் தெரியாத செய்தியன்று. ஆனால் குறித்த நேரத்தில் சரக்கு சேர வேண்டும் என்ற நெருக்கடியும், உறக்கமில்லா இரவுகளும், பழுதைத் தள்ளிப்போடும் முதலாளிகளும் சேர்ந்து அந்த அறிவை வென்றுவிடுகின்றன.

மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் நாள்தோறும் பத்திரமாக இறங்குகிறது. 40 கிலோமீட்டரில் வரும் லாரி எங்கள் இரட்டைப் பாலத்தருகே கவிழ்கிறது. வேறுபாடு எஞ்சினில் இல்லை. விமானத்தில் எஞ்சின் ஓடிய ஒவ்வொரு மணி நேரமும் ஏட்டில் ஏறுகிறது. கண்ட பழுது ஒவ்வொன்றும் கையொப்பத்தோடு சரிசெய்யப்படுகிறது. களைத்த விமானி ஓட்டக் கூடாது என்பது சட்டம். லாரி ஓட்டுநரின் உயிருக்கு மட்டும் அந்த ஏடு ஏன் இல்லை? கணவாயில் உயர்மட்டச் சாலை அமைக்க அரசு திட்டமிட்டிருக்கிறது, அது நல்லது. ஆனால் சாலையோடு பழக்கமும் மாற வேண்டும்.

கவனம் என்பது ஒருமுறை சம்பாதித்துப் பெட்டியில் பூட்டி வைக்கும் சொத்தும் அன்று. ஜே. ஆர். டி. தம் முதல் பயணத்தில் இறங்கிய அதே அகமதாபாத்தில், 2025 ஜூன் 12-ஆம் நாள் ஏர்-இந்தியா விமானம் வீழ்ந்து 260 பேர் மாண்டனர். வானத்திலும் அது நாள்தோறும் புதிதாய் ஈட்ட வேண்டிய செல்வமே.

மாலைப் பொழுது

1978 பிப்ரவரியில் அன்றைய மத்திய அரசு ஜே. ஆர். டி.யை ஏர்-இந்தியாத் தலைமையிலிருந்து விலக்கியது. நாற்பத்தைந்து ஆண்டுக் காலத் தொடர்பு ஒரு நாளில் அறுந்தது. அவர் மனம் நொந்தார். ஆயினும் பகை பாராட்டவில்லை. 1982 அக்டோபர் 15-ஆம் நாள், முதல் பயணத்தின் பொன்விழாவில், 78 வயதில், ஒற்றை எஞ்சின் பூட்டிய லெப்பர்டு மாத் விமானத்தில் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தாமே ஓட்டி வந்தார். ஜம்போ ஜெட்டுகளை நாட்டுக்குத் தந்த மனிதர், தம் முதுமையில் ஒரு சிறு எஞ்சினின் ஓசையை நம்பிப் பறந்தார். எதைப் பேணத் தெரியுமோ அதை நம்பவும் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1992-இல் நாடு அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கிச் சிறப்பித்தது. 1993 நவம்பர் 29-ஆம் நாள் ஜெனிவா நகரில் அவர் மறைந்தார். பிறந்த பாரிஸ் மண்ணிலேயே அவர் உடல் அடக்கமாயிற்று.

அவருக்குப் பின் எஞ்சின்கள் மேலும் வளர்ந்தன. 2007 முதல் ஏர்-இந்தியாவுக்கு வந்த போயிங் 777 விமானங்களில் பூட்டிய ஜெனரல் எலெக்ட்ரிக் எஞ்சினின் விசிறி பத்தடிக்கும் மேற்பட்ட குறுக்களவு கொண்டது. அந்த ஓர் எஞ்சினின் உந்துவிசை சுமார் 1,15,000 பவுண்டு. பழைய 707-இன் நான்கு கான்வே எஞ்சின்களும் சேர்ந்து தந்தது 70,000 பவுண்டுதான்! இன்றைய எஞ்சின்களில் சுழலியின் இறக்கைகள், தம் உலோகம் உருகும் வெப்பத்தைக் காட்டிலும் சூடான வாயுவுக்கு நடுவே சுழல்கின்றன. உள்ளே குடைந்த நுண்வழிகளில் பாயும் காற்றுதான் அவற்றை உருகாமல் காக்கிறது.

2022 ஜனவரி 27-ஆம் நாள் ஏர்-இந்தியா மீண்டும் டாட்டா குழுமத்தின் கைக்கு வந்தது. அதைக் காண ஜே. ஆர். டி. இல்லை. அவர் விட்டுச் சென்ற உண்மையான சொத்து விமானங்கள் அல்ல. எவ்வளவு பெரிய எஞ்சினும் ஒரு சிறு திருகின் நாணயத்தில் நிற்கிறது என்ற அறிவே ஆகும். நம்மில் சிலர் நாளை பொறியியல் வல்லுநர் ஆகலாம்; சிலர் ஆசிரியர் ஆகலாம்; சிலர் லாரி முதலாளியும் ஆகலாம். எந்தப் பணியில் அமர்ந்தாலும் அந்தச் சிறு திருகை மறவாதிருப்போமாக!